கல் என்று எழுதிய கை

தளி ஏரிப் பக்கம் காலை நடைக்கு என்னோடு வருபவர் முன்பு கிரானைட் லாரி ஓட்டியவர். நம் மாவட்டத்துக் குன்றுகள் துண்டு துண்டாகப் போனதைக் கண்ணால் பார்த்தவர். போன வாரம் திடீரென்று கேட்டார்: "உடைச்ச மலை திரும்ப முளைக்குமா சார்?"

"மலை முளைக்காது. முளைக்கிற கல் ஒன்று உண்டு. அதை உடைத்த கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது" என்றேன். அவர் நின்றுவிட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் ஒரு கதை சொல்வார். மர்செய் நகரத்து வைத்தியர் பெசொனெல் என்பவர் 1720களில் பவளத்தை ஆராய்ந்து, அதில் பூ என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் சின்னஞ்சிறு பிராணி என்று சொன்னார். பாரிஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் பின்னாளில் அவர் சொன்னதே சரி என்றாயிற்று. கதையை முடித்துவிட்டு, "கொராய் என்றால் என்ன?" என்று கேட்பார். "ஆனிமால்!" என்று வகுப்பே கத்தும்.

பிற்பாடு அரசு வேலை கிடைத்தது. 1975 வாக்கில் தூத்துக்குடிக்குப் போட்டார்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கடலிலிருந்து வள்ளங்களில் வெட்டிவந்த வெள்ளைக் கற்கள் லாரி லாரியாகப் போகும். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு செய்யவும் அது வேண்டியிருந்தது. எத்தனை லோடு என்று மாதாந்தர அறிக்கையில் ஏற்றுவது என் வேலை. படிவத்தில் அதற்குப் பெயர் 'கல்'.

ஒருநாள் ரோட்டில் விழுந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகள். வாத்தியார் குரல் காதில் கேட்டது. தலைமை எழுத்தரிடம் கொண்டுபோய், "சார், இது பிராணி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, படிவத்தில் பிராணிக்குக் கட்டம் கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு 'கல்' என்றே எழுதினேன். மாறுதல் வரும்வரை எழுதினேன்.

அந்தக் கல் வளர்கிற வேகத்தை நினைத்துப் பாருங்கள். கொம்பு கொம்பாகக் கிளைக்கும் பவளம் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். குண்டாகத் திரளும் வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு லோடு என்பது எத்தனை தலைமுறை! மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாரை அளவில்லாமல் வெட்டியதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அங்கே மீனவர்கள் பவளத்திட்டைப் 'பார்' என்றுதான் சொல்வார்கள்.

1986இல் அந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிராணிக்கு ஒருவழியாகக் கட்டம் போட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தபோது நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான், தீவும் பாரும் அலையின் வேகத்தைத் தணித்ததைக் கரையில் இருந்தவர்களே உணர்ந்தார்கள். அதன் பிறகே அது அடங்கியது.

2018இல் பழைய சகா வீட்டுக் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனேன். சாயங்காலம் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். வாலிபத்தில் கல் வெட்டப் போனவராம். "கடப்பாரையால நெம்பி எடுப்போம்யா. கூலி கெடைச்சுது, போனோம். இப்ப எங்க பயலுவ படகுல போயி அதே பவளத்த நட்டுட்டு வாரானுவ. பார் இல்லன்னா மீனு எங்கய்யா அடையும்?" என்றார்.

அவர் சொன்னது நிஜம். அங்கேயுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் இதைச் செய்துவருகிறார்கள். நல்ல பாரிலிருந்து உயிருள்ள சிறு துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டி, வெறுமையான இடத்தில் கடலடியில் வைக்கிறார்கள். நம் பக்கம் ரோஜாக் குச்சி ஊன்றுகிற மாதிரிதான். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றித் துளையிட்ட காங்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். அலையும் தணிகிறது, மீனும் அடைகிறது. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அன்றாடக் கூலிக்காரர்கள் அவர்கள். எந்தப் படிவமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி, பவளம் வெளுத்து நிறையச் செத்தது. நட்டதும் அதில் தப்பாது. சூடு எங்கிருந்தோ வருகிறது. ஓசூர்ப் புகைபோக்கிகளும் வண்டிகளும் அதில் சேர்த்திதான். கடல் நமக்குத் தூரம் என்று நாம் இருந்துவிட முடியாது.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடைச்சவங்களே நடுறாங்களா சார்? எனக்குன்னா அந்தக் கொடுப்பினை இல்லை" என்றார். குன்று இருந்த திசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

எனக்கும் இந்த வயதில் கடலில் இறங்கி நட முடியாது. எழுத்தர் வேலைதான் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முன் 'கல்' என்று எழுதிய இடத்தில், இன்று திருத்தி 'உயிர்' என்று எழுதுகிறேன். படித்தவர்கள் சாட்சி.