ரசிகனின் கடன்



ஒன்று நமக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வது எளிது. அது நாளையும் நிலைத்திருக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. இந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தது அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம். ‘மொசைக் ரெக்கார்ட்ஸ்’ என்பது அதன் பெயர். பழைய ஜாஸ் இசைப்பதிவுகளைத் தேடியெடுத்துச் செம்மைப்படுத்தி மீண்டும் வெளியிடுவது அதன் பணி.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. இசை குறித்து நம் இல்லங்களில் மாறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை நான் அறிவேன். அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை. அழியவிருக்கும் ஒன்றைச் சிலர் சேர்ந்து எவ்வாறு காக்கிறார்கள் என்பதை மட்டுமே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிழைப்பைத் தேடி ஷிகாகோ நகருக்கு வந்தவன் நான். வந்த புதிதில் ஓர் இரவு வானொலியில் பியானோ இசை ஒன்றைக் கேட்டேன். வாசித்தவர் விரல்களை ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதிலேயே நயம் காட்டினார். முடிவில் அறிவிப்பாளர் சொன்ன பெயர் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அஹ்மத் ஜமால்!

1930-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி இப்பெயரை ஏற்றவர். 1958 ஜனவரியில் ஷிகாகோவின் பெர்ஷிங் ஓட்டலில் அவருடைய மூவர் குழு வாசித்தது இசைத்தட்டாக வெளிவந்து, நூறு வாரங்களுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நின்றது. அந்த வெற்றிக்குப் பின் அவர் அந்நகரில் ‘அல்ஹம்ரா’ என்றொரு உணவகத்தைத் திறந்தார். மது பரிமாறப்படாத உணவகம் அது. நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும், இரவு விடுதிகளிலேயே வாழ்ந்த இசையுலகில் அதற்குத் துணிவு வேண்டும் அல்லவா? 2023 ஏப்ரலில், தம் 92-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

புகழ்பெற்ற அந்த ஒரு தட்டு எனக்கு எளிதில் கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் ‘ஆர்கோ’ நிறுவனத்துக்காக அவர் பதிந்த மற்றவற்றைத் தேடி எத்தனை கடைகள் ஏறி இறங்கினேன்! 1956 முதல் 1962 வரை அவருடைய மூவர் குழு அந்நிறுவனத்துக்காகப் பதிந்தவற்றை ஒன்பது குறுந்தட்டுகளில் தொகுத்து, 2010-இல் ஒரே பெட்டியாக வெளியிட்டது மொசைக். அன்று முதல் நான் அதன் நிலையான வாடிக்கையாளன்.

இந்நிறுவனத்தை 1982-இல் தொடங்கியவர்கள் மைக்கேல் கஸ்கூனா, சார்லி லூரி என்னும் இரு நண்பர்கள். அதற்கு முன், 1970-களில், ‘புளூ நோட்’ என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் சேமிப்பறையைக் கஸ்கூனா துருவினார். வெளியிடப்படாமல் கிடந்த பதிவுகள் ஏராளமாக அகப்பட்டன. அவற்றை எப்படி வெளிக்கொணர்வது என்ற சிந்தனையிலிருந்து பிறந்ததே மொசைக்.

அதன் வழிமுறை எளியது. பதிவுகளின் உரிமை பெரிய நிறுவனங்களிடம் இருக்கும். அவர்களுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெறுவார்கள். ஒரு கலைஞர் ஒரு காலகட்டத்தில் பதிந்தவை அனைத்தையும் நாள்வாரியாக அடுக்குவார்கள். மூல ஒலிநாடா எங்கிருக்கிறது என்று தேடுவார்கள். விரிவான குறிப்புகளும் புகைப்படங்களும் கொண்ட நூலொன்றைச் சேர்த்து, பெட்டிக்கு வரிசை எண்ணும் இட்டு, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி வெளியிடுவார்கள். கடைகளுக்கு அனுப்பாமல் வாடிக்கையாளருக்கு அஞ்சலில் நேரே அனுப்புவதே அவர்கள் வழக்கம். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இதில் இலாபம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். உரிமத்துக்கும், ஒலியைச் செம்மைப்படுத்தவும், நூல் அச்சிடவும் பணம் முன்கூட்டியே போய்விடும். பெட்டிகள் விற்ற பிறகே அது திரும்பும். விற்பனை தாமதித்தால் முதல் முழுவதும் கிடங்கில் உறங்கும். அடுத்த வெளியீட்டுக்குக் கையில் காசு இராது.

இதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். ஹெர்பி நிக்கல்ஸ் என்ற பியானோ கலைஞரின் கதையைச் சொல்கிறேன். 1955, 1956 ஆண்டுகளில் அவர் புளூ நோட்டுக்காகப் பதிந்தவற்றில் ஒரு பகுதியே அவர் வாழ்நாளில் வெளிவந்தது. உரிய புகழ் கிட்டாமலேயே 1963-இல், 44 வயதில் அவர் இறந்தார். அப்பதிவுகள் முழுவதையும் மொசைக் 1987-இல் தொகுத்து வெளியிட்டது. அவர் எத்தகைய கலைஞர் என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

எல்லாப் பதிவுகளுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் மூண்ட தீயில் இசைப்பதிவுகளின் மூல நாடாக்களும் எரிந்தன. இழப்பு எவ்வளவு என்பது பற்றி 2019-இல் பெரும் சர்ச்சையே எழுந்தது. எரிந்த நாடாவை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

என் மகள் ஒருநாள் கேட்டாள்: “அத்தா, இதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே! இவ்வளவு பணம் கொடுத்து இந்தப் பெட்டியை ஏன் வாங்குகிறீர்கள்?”

நியாயமான கேள்விதான். நான் மறுமொழி கூறாமல், மொசைக் 1983-இல் வெளியிட்ட அதன் முதல் தொகுப்பை எடுத்து வந்தேன். தெலோனியஸ் மங்க் என்ற மேதை புளூ நோட்டுக்காகப் பதிந்தவை அதில் நான்கு இசைத்தட்டுகளாக உள்ளன. அதிலுள்ள நூலைப் பிரித்து, 1947-ஆம் ஆண்டின் பதிவுகளில் யார் யார் வாசித்தார்கள் என்று படிக்கச் சொன்னேன். டிரம்பெட் வாசித்தவர் இத்ரீஸ் சுலைமான். சாக்ஸபோன் வாசித்தவர் ஸாஹிப் ஷிஹாப். டிரம்ஸ் வாசித்தவர் ஆர்ட் பிளேக்கி. பின்னர் அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்று பெயர் ஏற்றவர். மகள் வியப்புடன் நிமிர்ந்தாள். “இவர்களெல்லாம் முஸ்லிம்களா அத்தா? கைப்பேசியில் மங்கின் பெயர் மட்டும்தானே வருகிறது?” என்றாள்.

அவள் கேள்விக்கான விடை அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஓசை மட்டும் போதுமென்றால் கைப்பேசி போதும். யார் வாசித்தார், என்று வாசித்தார், எங்கே பதிந்தார் என்ற வரலாறும் வேண்டுமென்றால், அதைத் தேடித் தொகுக்க ஒருவர் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு இன்னொருவர் விலை கொடுக்க வேண்டும்.

2017-இல், தங்கள் நிலைமை இக்கட்டாக இருப்பதை மொசைக் நிறுவனத்தார் வாடிக்கையாளர்களிடம் ஒளிவுமறைவின்றித் தெரிவித்தனர். குறுந்தட்டு வாங்கும் பழக்கமே உலகெங்கும் குறைந்துவிட்ட காலம் அது. அன்றிரவு நானும் என் மனைவியும் வீட்டுக் கணக்கை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். “புத்தகம் வாங்க ஒதுக்குவது போல இதற்கும் மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்” என்றார் அவர். வெளியில் சென்று சாப்பிடுவதைக் குறைத்தோம். ஆண்டுக்கு இரண்டு பெட்டி என்று முடிவாயிற்று. ஒன்று எங்கள் வீட்டுக்கு. மற்றொன்று எங்கள் பகுதி நூலகத்துக்கு அன்பளிப்பு.

என்னைப் போன்றோர் பல நாடுகளில் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் நிறுவனம் மூடப்படவில்லை. 1930-களின் இறுதியில் வில்லியம் சேவரி என்ற ஒலிப்பதிவாளர் வானொலியிலிருந்து பதிந்து வைத்தவை பல்லாண்டுகள் யாரும் கேளாமல் கிடந்தன. ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் 2010-இல் அவற்றைப் பெற்றது. அவற்றிலிருந்து தேர்ந்த தொகுப்பை மொசைக் 2018-இல் வெளியிட்டது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளில், மாதந்தோறும் ஒதுக்கிய சிறு தொகைக்குப் பொருள் கிடைத்ததாக உணர்ந்தேன்.

வாசகர்களே, ஆதரவு என்ற சொல்லைக் கொஞ்சம் நுணுகிப் பார்க்க வேண்டும். மங்கின் தொகுப்பை நான் பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். என் ஆவல் தீர்ந்தது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசும் நிறுவனத்துக்குப் போகவில்லை. பெட்டி தீர்ந்த பிறகு பல மடங்கு விலை கொடுப்பவரைவிட, வெளிவந்த மாதமே உரிய விலைக்கு வாங்குபவரால்தான் நிறுவனம் பிழைக்கிறது.

அடுத்து, மலிவுப் பதிப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962-ஆம் ஆண்டு முடிய வெளிவந்த இசைப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அங்கே எவரும் மூல நாடாவைத் தொடாமலே, ஏற்கெனவே வந்த தட்டிலிருந்து பிரதியெடுத்துக் குறைந்த விலைக்கு விற்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் தேடி உழைத்தவருக்குச் சேர வேண்டிய வருவாய் அங்கே திசை மாறிப்போகிறது. அதனால் நான் அவற்றை வாங்குவதில்லை.

புகழ்பெற்றவர்களின் பெட்டியை மட்டும் வாங்குவதும் போதாது. அதிகம் அறியப்படாத கலைஞரின் தொகுப்புக்குத்தான் நம் கை தேவைப்படுகிறது. அதே வேளையில் கடன்பட்டு வாங்குவதையும், விலையேறட்டும் என்று பிரிக்காமல் பதுக்கி வைப்பதையும் ஆதரவு என்று நான் சொல்லமாட்டேன்.

சார்லி லூரி 2000-ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார். மைக்கேல் கஸ்கூனா 2024 ஏப்ரலில், 75 வயதில் மறைந்தார். அவர்களை நான் நேரில் கண்டதில்லை. எனினும் என் அலமாரியின் மூன்று தட்டுகளில் நிறைந்திருப்பது அவர்களின் வாழ்நாள் உழைப்பு. தோற்றுவித்தவர்கள் போன பின் ஒரு பணி தொடர்வதும் நின்றுபோவதும் அதன் பயனை நுகர்ந்தவர்கள் கையிலும் இருக்கிறது.

உங்கள் விருப்பம் ஜாஸ் இசையாக இருக்க வேண்டியதில்லை. பழந்தமிழ் நூல்களை மறுபதிப்புச் செய்யும் சிறு பதிப்பகமாகவோ, உங்கள் ஊர் நூலகமாகவோ, இப்போது உங்கள் கையிலிருக்கும் இதழாகவோ இருக்கலாம். அது நின்றுவிட்டதே என்று பின்னாளில் வருந்துவதைவிட, நடந்துகொண்டிருக்கும்போதே சந்தாவைக் கட்டிவிடுங்கள். புத்தகத்தை விலை கொடுத்து வாங்குங்கள். வசதிக்கேற்ற சிறு தொகை போதும். அதைத் தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவே.