நான் மிச்சம் பிடித்த சுருள்வில்

பாடத்துணைப் பொருள்களைப் பற்றியே இங்கு வழக்கமாக எழுதி வருகிறேன். இன்று மகிழுந்து இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது சக ஆசிரியர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பெற்றோர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

என் மூத்த மகன் ஐந்தாம் படிவம் முடித்தபின் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயில்கின்றான். பல்கலைக்கழகம் செல்வான் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. அதனை அவனிடம் சொன்னதில்லை. ஆயினும் அவனுக்குத் தெரியும். நான் பல்லாண்டுகள் ஓட்டிய புரோட்டோன் சாகா இஸ்வாரா வீட்டில் கிடந்தது. 1.3 லிட்டர் இயந்திரம், நான்கு சிலிண்டர், ஒரே கேம் தண்டு, 12 வால்வுகள். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் கலவை உள்ளே வர இரண்டு, புகை வெளியேற ஒன்று. அதனைச் சற்று விரைவுள்ளதாக மாற்ற அனுமதி கேட்டான். கொடுத்தேன்.

ஒரு நாள் இரவு கணக்கெழுதிய தாளுடன் வந்து நின்றான். புதிய கேம் தண்டு, 12 வால்வுச் சுருள்வில்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் தட்டுகள்.

"மூன்றையும் சேர்த்துத்தான் அப்பா வாங்க வேண்டும்" என்றான்.

"பழைய சுருள்வில் உடைந்தா போயிற்று? இருப்பதையே போடு."

பாதிப் பென்சிலை வைத்துக்கொண்டு புதுப் பென்சில் கேட்கும் மாணவனிடம் பேசும் அதே குரலில்தான் சொன்னேன். கேம் தண்டுக்கு மட்டும் பணம் கொடுத்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

கேம் தண்டைத் தேர்ந்ததில் அவன் பிழையும் உண்டு. கடையில் 264, 272, 288 என்று எண்களிட்டு விற்கிறார்கள். வால்வு எத்தனை பாகை திறந்திருக்கும் என்பதை அவ்வெண் குறிக்கிறது. கிராங்க் தண்டு இரு முறை சுழன்றால்தான் கேம் தண்டு ஒரு முறை சுழலும். ஆகவே 720 பாகையில் 288 பாகை. (கணித ஆசிரியர்கள் இதனை விகிதப் பாடத்திற்குப் பயன்படுத்தலாம்.) எல்லா நிறுவனங்களும் ஒரே உயரத்தில் வைத்து அளப்பதில்லை என்பதால், இருவேறு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிடுவதும் தவறு. எண் கூடக்கூட இயந்திரத்தின் பலம் உயர் சுழற்சிக்கு நகர்ந்துவிடும். இளைஞனல்லவா, 288-ஐ எடுத்து வந்தான். சாலை விளக்கில் நிற்கும்போதெல்லாம் வண்டி நடுங்கியது. நெரிசலில் இழுக்க மறுத்தது. வேகம் பிடித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

அந்த வேகத்தில்தான் கூட்டரசு நெடுஞ்சாலையில், கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், மழையிரவில் நின்றுபோனது. என் மகளும் உடனிருந்தாள். லாரிகள் உரசிச் செல்லும் சாலையோரத்தில் பிள்ளைகள் இருவரும் நனைந்துகொண்டு நின்றதைக் கண்டபோது என் கால்கள் தளர்ந்தன. "வண்டி நின்றுவிட்டது அப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருக்கலாம்.

பட்டறையில் இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றியபோது இரண்டு வால்வுகள் வளைந்திருந்தன. பிஸ்டனின் மேல் பிறை வடிவில் மெல்லிய தழும்பு.

"சார், கேம் தள்ளி மட்டும்தான் விடும். மூடுறது ஸ்பிரிங்தான்" என்றார் பட்டறைக்காரர்.

சுழற்சி மிகும்போது பழைய சுருள்வில்லால் வால்வைக் கேமின் வளைவோடு ஒட்டி இழுக்க முடிவதில்லை. வால்வு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிஸ்டன் மேலேறி வந்து முட்டுகிறது. நான் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பன்மடங்கு அன்று செலவானது.

இம்முறை மகன் தேர்ந்தெடுத்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேம் 264. சுருள்வில்லில் மிகக் கடினமானதையே கேட்டேன், பயம்தான் காரணம். அவன் வேண்டாமென்றான். அளவுக்கு மீறிய இறுக்கம் கேமின் முகட்டையும் ராக்கரையும் தேய்க்கும். கேம் தயாரித்தவர் குறிப்பிட்ட அளவே போதுமாம். வால்வு முழுதும் திறக்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும், ரிட்டெய்னர் கீழிறங்கி எண்ணெய்த் தடுப்பில் இடிக்கக்கூடாது என்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

பிறகு, "உங்கள் பள்ளியில் பிளாஸ்டிசின் இருக்குமா அப்பா?" என்று கேட்டான். முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக நான் வாங்கி வைத்திருந்த பச்சைக் களிமண் கட்டி ஒன்றைக் கொடுத்தேன். அதனைப் பிஸ்டன் மேல் அப்பி, வால்வுகளில் எண்ணெய் தடவி, தலைப்பகுதியைப் பூட்டினான். கிராங்க் தண்டை இரு சுற்று கையாலேயே மெல்லத் திருப்பி, மீண்டும் திறந்தான். களிமண்ணில் வால்வுகளின் தடம் பதிந்திருந்தது. கத்தியால் குறுக்கே வெட்டினான். மிக மெலிந்த இடம், உள்வரும் வால்வுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் வெளியேற்றும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டரும் இருந்தால் அச்சமில்லை என்றான்.

வெர்னியர் அளவியை என்னிடம் நீட்டினான். அதனைப் படிக்கும் முறை எனக்கு மறந்து போயிருந்தது. அவன் கைவிளக்கை அருகில் பிடித்து, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று காட்டினான்.