அலறிய யூபிஎஸ்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒன்று. சட்டைப் பையில் சீட்டு மடித்துக்கொண்டு வருகிறவர்கள் மற்றது. 2017 கடைசியில் அங்கே போன நண்பர் இரண்டாவது ரகம். ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு என்று சீட்டில் எல்லாம் துல்லியமாக இருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி: 'கேபினட், எஸ்எம்பிஎஸ் – மிச்சப் பணத்தில்.'

கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வழுக்குவது அந்த வரியில்தான். கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் உள்ள கேபினட்டுக்கு மிச்சப் பணத்தில் பெரும்பங்கு போய்விடும். எல்லாவற்றுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கிடைப்பது சில்லறை.

இருந்தாலும் மெஷின் ஓடியது. 2019-இல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாறி அடுத்தது வர சுமார் 16.7 மில்லிசெகண்ட் ஆகும். 144 ஹெர்ட்ஸில் ஏழுக்கும் குறைவு. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது பாருங்க" என்று நாலு மாதம் காட்டிக்கொண்டிருந்தார் நண்பர். லீவுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த சித்தி மகன் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது இன்னும் அறுபதுலதானே ஓடுது?" என்றான்.

வெண்ணெய் கண்ணில் இல்லை, கொடுத்த காசில் இருந்தது. அன்றைக்கே பயாஸையும் திறந்து பார்த்தார்கள். 3000 வேகத்துக்கென்று வாங்கிய ரேம் இரண்டு வருடமாக 2133-லேயே நடை பழகிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பி என்ற ஒரு அமைப்பை ஆன் செய்தால் தீர்ந்தது. அதுவரை அந்த மெஷினுக்குக் கிடைத்த மிகப் பெரிய இரண்டு அப்கிரேடுகளும் ஒரே மத்தியானத்தில், பைசா செலவில்லாமல் நடந்தன.

நண்பர் கனவு கண்ட கிராபிக்ஸ் கார்டின் கதை வேறு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 2020 செப்டம்பரில் 699 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. அந்த விலையில் அதை வாங்கியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். எத்தீரியம் நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், விலை எகிறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டு, தோண்டும் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உழைத்துத் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து குவிந்தன. நண்பருக்கு ஒன்று கிடைத்தது. விற்றவர், "வீட்டு யூஸ்தான் சார், மைனிங்கே பண்ணலை" என்றாராம். அந்த வருடம் கார்டு விற்ற எல்லாருமே அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பழைய 1060 இழுத்தது 120 வாட். இது 320. மிச்சப் பணத்தில் வாங்கியது நினைவிருந்ததால் எஸ்எம்பிஎஸ்ஸை முதலிலேயே 750 வாட்டுக்கு மாற்றிவிட்டார். மறந்தது மேஜைக்கடியில் இருந்த 600 விஏ யூபிஎஸ்ஸை. அது தாங்குவது 360 வாட்; கார்டுக்கே அதில் 320 போய்விடும். ராத்திரி பதினொன்றரைக்கு சைபர்பங்க் 2077-ஐத் திறந்து, நகரம் திரையில் எழுந்து வந்த நிமிஷத்தில் யூபிஎஸ் அலறத் தொடங்கியது. அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா, "என்னடா, கேஸ் லீக்கா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

கார்டு வந்ததும் பிராசசர் பின்தங்கியது. இந்த விளையாட்டில் இது விதி: ஒன்றை மாற்றினால் அடுத்த நோஞ்சான் யார் என்று தெரியவரும். ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட்டை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தது அவருக்கு அதிர்ஷ்டம். பழைய போர்டுகளுக்கு 5000 வரிசை கிடையாது என்று முதலில் கைவிரித்த நிறுவனம் 2022-இல் இறங்கிவந்தது. அந்த வருடம் ஏப்ரலில் வெளிவந்த 5800எக்ஸ்3டி பிராசசரில் 96 எம்பி எல்3 கேஷ். சமையல்காரருக்கு ஒவ்வொரு கடுகுக்கும் பரண் ஏற வேண்டியிருந்தால் சமையல் என்ன ஆகும்? ரேம் பரண் என்றால், கேஷ் அடுப்பருகே இருக்கும் அஞ்சறைப் பெட்டி. அந்தப் பெட்டியின் மேலேயே இன்னொரு அடுக்கை ஒட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

நண்பர் அதையே வாங்கினார். மாட்டுவதற்கு முன் பயாஸ் அப்டேட். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம். கேமுக்குத் தாங்காத யூபிஎஸ் இதற்குத் தாங்கும். மனுஷர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது நல்லபடியாக முடிந்தது. கூலரைத் தூக்கியபோதுதான் வினை. ஐந்து வருடத்தில் இறுகிப்போன பேஸ்ட், பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டுச் சூடாக்கி, லேசாகத் திருகி எடுத்திருந்தால் வந்திருக்காது. ஏஎம்4-இல் 1,331 ஊசிகளும் பிராசசரின் அடியிலேயே இருக்கும். ஒரு மூலையில் ஏழெட்டு சாய்ந்திருந்தன. லீட் இல்லாத மைக்ரோ டிப் பென்சிலின் மூக்கை ஒவ்வொரு ஊசியிலும் நுழைத்து, மூச்சடக்கி நிமிர்த்தினார். காதுகுத்தும் ஆசாரிக்குக்கூட அவ்வளவு நிதானம் இருக்குமா தெரியவில்லை.

அப்படி நிமிர்ந்த 1600-ம், ஓய்வுபெற்ற 1060-ம் கும்பகோணம் போயின. ஒரு பழைய மதர்போர்டைத் தேடிப் பிடித்து சித்தி மகன் அவற்றை ஓட்டுகிறான். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது; விண்டோஸ் 11-இன் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் கிடையாது. 1060 தலைமுறைக் கார்டுகளைப் புதிய கேம்களுக்கு ஏற்ப டிரைவர் எழுதித் தேற்றுவதை என்விடியாவும் அதே மாதத்தோடு விட்டுவிட்டது. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல நண்பர் போன் போட்டார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அது சரிண்ணா, அந்த 3080-ஐ எப்ப மாத்தப் போறீங்க?"