அசையா முள்

இராயபுரத்தில் எனது தாய்மாமன் வீட்டு முற்றத்தில், 1969-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எம். ஜி. பி. மோட்டார் வண்டி ஒன்று நிற்கின்றது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில், சிறுவராய் வேலியோரம் நின்று கண்டவர் அவர். அவ்வாசையே முதுமையில் இவ்வண்டியாய் வந்து வாய்த்தது போலும். துறைமுகத்து இரைச்சலிடையே நாற்பதாண்டு உழைத்தமையால் அவர் செவிகள் மந்தமாயின. என்ஜின் ஓசையைக் கொண்டு வேகமறிய இயலாமையால், ஸ்மித்ஸ் கம்பெனியாரின் சுழற்சிமானி முள்ளைப் பார்த்தே கியர் மாற்றுவார்.

அம்முள்ளை அசைவற்றதாக்கியவன் யான்.

காண்டாக்ட் பாயிண்டுகள் அடிக்கடி தீய்ந்து போவதைக் கண்டு, “எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திவிடுவோம், மாமா” என்று பௌதிக மாணவனுக்குரிய செருக்கோடு வற்புறுத்தினேன். பொருத்தினோம். வண்டி சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிற்று. முள்ளோ பூஜ்யத்திலேயே கிடந்தது. மாமா கண்ணாடியை விரலால் இருமுறை தட்டிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். திருவொற்றியூர் மெக்கானிக் ஒருவர், பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கச் சொன்னார். மாமா இசையவில்லை. இரண்டு வாரம் வண்டி தெருவைக் காணவில்லை.

நிற்க. இக்கருவியின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் கம்பி, மானியின் முதுகிலுள்ள சிறு இரும்புக் கருவினூடே வளைந்து செல்கின்றது. பாயிண்டு மூடித் திறக்குந்தோறும் அக்கம்பியில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓட்டம் தோன்றி மறையும். அத்துடிப்புக்களின் தூண்டுதலை உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் வாங்கி முள்ளை நகர்த்தும். புதுப்பெட்டியோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தடித்த கம்பி வழியே பாட்டரியினின்று நேரே பெற்றுக் கண்டென்சரில் நிரப்பிக்கொள்கின்றது. பழைய கம்பியிலோ பெட்டியை விழிப்பிக்கும் அற்ப ஓட்டமே எஞ்சிற்று. மானி பழுதாகவில்லை. அதன் செவிக்கு எட்டுமாறு பேசுவார் இல்லை, அவ்வளவே.

விடை கல்லூரிச் சோதனைச்சாலையில் கிடைத்தது. ஒரு சுற்றில் 4 ஆம்பியர் செய்யும் வேலையை, இருபது சுற்றில் 0.2 ஆம்பியர் செய்யும். எனாமல் பூசிய மெல்லிய கம்பியைக் கருவின்மேல் இருபது முறை சுற்றி, புதுப்பெட்டி மானிக்கென வெளியிடும் துடிப்பினால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கி, 60 ஓம் தடை வழியே ஓட்டம் விட்டேன். முதல் நாள் முள் பித்துப் பிடித்தாற்போல் துள்ளிற்று. சுற்றின் திசை மாறியிருந்தது!

அடுத்த கவலை அளவு சரிதானா என்பது. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறி தருவது. ஆதலின் நிமிடத்திற்கு 3000 சுழற்சி எனில் விநாடிக்கு 100 பொறி. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலை. ரெக்டிபையரிற் செலுத்தின் 100 துடிப்பு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து டர்பைன்கள் சுழல்வதும் அதே 3000 தான். மின்னழுத்தத்தை டிரான்ஸ்பார்மரால் இறக்கி மானிக்குக் கொடுத்தபோது முள் 2800-இல் நின்றது. உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்பி 3000-க்குக் கொணர்ந்தேன். அத்திப்பட்டும் இராயபுரமும் ஒரே கணக்கிற்கு வந்தன.

அன்று மாலை மாமா கன்டெய்னர் லாரிகளுக்கிடையே எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியைச் செலுத்தினார். யான் அருகில் அமர்ந்திருந்தேன். முள் ஏறிற்று; அவர் கிளச்சை மிதித்துக் கியரை மாற்றினார்.

“மூவாயிரம்!” என்றார், செவி மந்தமானவர்க்கே உரிய உரத்த குரலில். பக்கத்து லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.