இருபது கடிதங்களும் ஒரு தபால் அட்டையும்

முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற எங்கள் தூத்துக்குடிக்கு மூன்றாவதாகவும் ஒரு புகழ் உண்டு. அதுதான் மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, இவை மூன்றும் சேர்ந்து செய்யும் மாயம் அது. என் சித்தப்பா பல்லாண்டு பிறருடைய அடுப்பில் வெந்துவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்தார். ஆறு மாதமாகியும் ஈ ஓட்டும் வேலைதான் நடந்தது.

"ஏலே, பி.காம். படிக்கியே, பத்திரிகையில நாலு வரி வரும்படியா ஏதாச்சும் செய்யக்கூடாதா?" என்றார் ஒருநாள்.

வணிகவியல் மாணவனாகிய எனக்குத் தலைகால் புரியவில்லை. உணவைப் பற்றியும் ஊர்களைப் பற்றியும் எழுதுவோர் இருபது பேரின் முகவரிகளைத் திரட்டினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'ஈடு இணையற்ற', 'நாவூறும்' என்றெல்லாம் அடைமொழிகளைக் கொட்டி ஒரே கடிதம் எழுதினேன். செராக்ஸ் எடுத்து இருபது பேருக்கும் அனுப்பினேன். கடிதத்தோடு, அப்படியே அச்சிட வசதியாக ஒரு புகழுரையையும் நானே எழுதி இணைத்தேன்!

பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது, தபால் அட்டையில். "தம்பி, நான் ஐயா அல்ல, அம்மா. பதினைந்து ஆண்டுகளாகச் சைவச் சமையல் பற்றி எழுதுகிறேன். முட்டைப் பண்டத்தைப் புகழ என்னை அழைக்கிறாய். நான் எழுதியதில் ஒரு வரியாவது படித்தாயா?"

அட்டையை யாரும் பார்க்குமுன் சட்டைப்பையில் ஒளித்தேன். சித்தப்பாவோ மனம் தளரவில்லை. "ஆளுக்கு ஒரு பெட்டி மக்ரூன் அனுப்பிப் பாரு, எழுதாம எங்க போவாவ?" என்றார்.

இதை எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அது குடைக் கதை அல்லவா?" என்றார். 1906-இல் வ.உ.சி. இதே ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியோ, லாவோ என்ற கப்பல்கள் வந்தபின், வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக ஆசைகாட்டியது. வ.உ.சி.யின் கம்பெனிக்கோ, எட்டயபுரத்துப் பாரதியார் தம் 'இந்தியா' வார இதழில் ஆதரவு திரட்டினார். "அந்த எழுத்துக்கு எத்தனை குடை கொடுத்தார்கள்? நம்பியதால் எழுதினார். உன் சித்தப்பாவின் கடையில் ஒருவர் நம்புவதற்கு என்ன இருக்கிறது என்று முதலில் பார்" என்றார் பேராசிரியர். (1908-இல் வ.உ.சி. சிறை சென்றதும் கம்பெனி நொடித்ததும் வேறு கதை. அதை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.)

ஒரு வாரம் அடுப்படியிலேயே கிடந்தேன். வெள்ளைக்கருவில் ஒரு துளி மஞ்சள்கரு கலந்தாலும் நுரை எழும்பாது என்பதையும், கடற்காற்றின் ஈரத்தில் மக்ரூன் நமுத்துப்போவதால் மழைக்காலத்தில் சித்தப்பா தூக்கமின்றித் தவிப்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இத்தனை நாள் தின்றவன்தானே நான்!

பிறகு ஒருவருக்கு மட்டும் எழுதினேன். கடற்கரை ஊர்களின் தொழில்களைப் பற்றி எழுதுபவர் அவர். அவருடைய கட்டுரைகள் மூன்றைப் படித்துவிட்டு, கைப்பட ஒரு பக்கம். உப்பளத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதியிருந்ததைக் குறிப்பிட்டு, ஈரத்தோடு போராடும் எங்கள் அடுப்பையும் வந்து பார்க்கலாமே என்று கேட்டேன். "பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்" என்று முடித்தேன். பெட்டி எதுவும் அனுப்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். காசு கொடுத்தே வாங்கித் தின்றார். மூன்று மணிநேரம் அடுப்பருகே நின்றார். கட்டுரையும் வெளிவந்தது. சித்தப்பாவின் கைப்பக்குவத்தை மனமாரப் பாராட்டியிருந்தார், ஆனால், "சர்க்கரை சற்று மிகுதி, அன்று தின்றவற்றில் இரண்டு நமுத்திருந்தன" என்றும் எழுதியிருந்தார்.

சித்தப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. "நமுக்காததாப் பாத்துக் குடுங்க, அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. சித்தப்பா என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, புதிய தட்டை எடுக்க உள்ளே போனார்.