ஒரு சோறும் ஒரு பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. அரிசியெல்லாம் ஒரே உலையில் ஒருங்கே வேவதால் அம்மொழி பொய்ப்பதில்லை. கிருஷ்ணகிரியினின்று சூளகிரி வழியாக ஓசூர் செல்லுந்தோறும், ஆண்டுள்ள தொழிற்சாலைகளைக் கண்டு, எஃகிற்கும் இம்மொழி பொருந்துமோ என யான் எண்ணுவதுண்டு.

ஒரே இயந்திரம் கடைந்த தண்டுகளாயினும், நுணுகி அளப்பின் ஒன்றையொன்று முற்றும் ஒவ்வா. ஒன்றை அளந்து அனைத்தையும் அறிதல் ஆகாது. அனைத்தையும் அளத்தற்கோ பொழுதில்லை. ஆதலின் புள்ளியியலார் நீதிமன்ற முறையைக் கைக்கொண்டனர். 'இயந்திரம் பிறழவில்லை' என்பதே முதற்கண் கொள்ளும் கருதுகோள். அதற்கு மாறாக வலிய சான்று கிடைக்குமளவும் அது நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும், திட்டவிலக்கம் 0.02 என்க. 25 தண்டுகளை அளந்தபோது சராசரி 10.01 வந்தது. 25இன் வர்க்கமூலம் 5. ஆகவே அச்சராசரிக்குரிய பிழையளவு 0.02ஐ 5ஆல் வகுத்த 0.004. கண்ட வேற்றுமையோ இதனினும் இரண்டரை மடங்கு. இயந்திரம் செவ்வனே இயங்கும்போது இத்துணை வேற்றுமை தற்செயலாய் நேர்வது ஏறக்குறைய 80 முறைக்கு ஒருமுறையே. நூற்றுக்கு ஐந்து என எல்லையை முன்னரே வகுத்திருப்பின், இயந்திரத்தை நிறுத்திச் சோதித்தலே தகும். அளந்தபின் எல்லையை வகுப்பது முறையன்று.

நிற்க. இத்தீர்ப்பிலும் இருவகைப் பிழை உண்டு. நல்ல சரக்கைத் தள்ளுதல் ஒன்று. தீய சரக்கைக் கொள்ளுதல் மற்றொன்று. முன்னதால் கடன்பட்டுச் சிறு பட்டறை நடத்துவோன் நலிவான். பின்னதால் வழிச்செல்வோன் உயிர் இழத்தலுங் கூடும். அளக்கும் எண்ணிக்கையைக் கூட்டாது ஒன்றைக் குறைப்பின் மற்றது பெருகும். இவ்விரண்டையும் சீர்தூக்கும் நெறியை நெய்மான், பியர்சன் என்னும் இருவரும் 1933இல் விளக்கினர். அதற்கு முன்னரே, 1924இல், ஷூவார்ட் என்பார் அமெரிக்காவில் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை அமைத்தார். அவர் நெறியைப் பரப்பிய டெமிங் பெயரால் ஜப்பானியர் வழங்கும் பரிசினை, ஓசூரில் ஆலையுடைய டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் பெற்றமை நம் நாட்டிற்குப் பெருமையே.

இன்னுமொன்று. 'குற்றம் காணப்பட்டிலது' என்பது 'குற்றம் இல்லை' என்பதாகாது. சிலவே அளந்து பிறழ்வு காணாமையால் இயந்திரம் செவ்விதென்று துணிதல் பேதைமை.

மாணவ நண்பர்களே, கணிதம் இரு பிழைகளின் அளவைக் கூறும். எதற்கு மிகுதியும் அஞ்சுதல் வேண்டும் என்பதைக் கூறாது. கதவின் கீலுக்கு ஏற்ற எல்லை வண்டியின் தடைக்கட்டைக்கு ஏலாது. அதனைத் துணிபவர், தம் பிழையால் வருந்துவோர் யாவர் என்பதை முதலில் எண்ணுதல் கடன்.