தேய்மானம்

பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது எங்கள் வீட்டில் இப்போது ஒரு கலாசாரப் பிரச்னையாகிவிட்டது.

வண்டி மாருதி 800. அப்பா 2004ல் வாங்கியது. 1983 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தபோது இது புதுமையின் குறியீடு. அம்பாஸடரைக் கிழடாக்கிய வண்டி. 2014 ஜனவரியில் இதன் உற்பத்தி நின்றது. அம்பாஸடரும் அதே வருஷம் மே மாதம் நின்றது. புதுமை என்று வந்ததற்கும் அது பழசாக்கியதற்கும் முடிவு ஒரே வருஷத்தில். இலக்கிய இயக்கங்களிலும் இப்படி நடப்பதுண்டு.

அப்பா இல்லை. வண்டி இருக்கிறது. 15 வருஷப் பதிவு 2019ல் முடிந்தபின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து வருகிறோம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பழசை வைத்திருக்கப் பிரியப்படுகிறவன் விலை கொடுக்கட்டும் என்பது இதிலுள்ள வாதம். அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் புகையை நான் மட்டும் சுவாசிப்பதில்லை.

கணக்கு சொல்வது வேறு. தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருமானவரியில் மிச்ச மதிப்பின் மேல் வருஷம் 15 சதவீதம் தேய்மானம். லட்ச ரூபாய் 20 வருஷத்தில் சுமார் 3,900 ஆகிறது. எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் ஆகாது. வங்கியில் இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், இதை வகுத்தவருக்கும் பழசைத் தூக்கியெறிய மனசு வந்திருக்காது என்று தோன்றும்.

அண்ணன் விற்கக்கூடாது என்கிறார். அப்பா கை பட்ட ஸ்டீரிங், அம்மா மனசு கஷ்டப்படும் என்கிறார். அவர் இருப்பது புனேயில். வருஷத்தில் 10 நாள் இதில் ஏறுவார். மனைவி விற்றுவிடச் சொல்கிறாள். 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார்களில் ஓட்டுகிறவருக்காவது காற்றுப்பை உண்டு, இதில் யாருக்கும் இல்லை, நம் பெண்ணுக்கு ஆறு வயது என்கிறாள். ஒருவர் ஞாபகத்தைப் பேசுகிறார், மற்றவர் பாதுகாப்பை. நம் பத்திரிகைகளில் மரபு பற்றிய சர்ச்சையும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. காப்பாற்றச் சொல்கிறவர் அநேகமாக வெளியூரில் இருக்கிறார். அதில் ஏறி இறங்குகிறவரை யாரும் கேட்பதில்லை.

அம்மாவைக் கேட்டோம். முழங்கால் வைத்தியத்துக்கு வாரம் இரண்டு தடவை இந்த வண்டியில்தான் போகிறாள். ஸீட் தாழ்வு. குனிந்து உள்ளே போக வேண்டும்; எழுந்திருக்கக் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும். ஃபோனில் அண்ணனிடம் சொன்னாள்: "உங்கப்பா காருதான், யாரு இல்லேன்னா? முழங்கால் என்னுதுடா."

இதற்குப் பின் நான் வாதிக்க ஒன்றுமில்லை. புத்தம்புதிது வேண்டாம், நாலைந்து வருஷம் ஓடிய, ஸீட் கொஞ்சம் உயரமான வண்டி போதும். பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் அந்த ஸ்டீரிங்கை மட்டுமாவது கழற்றித் தரச் சொல்கிறார். ஸ்டீரிங் இல்லாத வண்டியை யாரும் வாங்கமாட்டார்கள். பழைய சாமான் கடையில் வேறு ஒன்று வாங்கிப் பூட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.